கதிரறுத்தவள் என்ன பாடினாள்? ஆங்கிலப் புனைவியலும் தோட்டத் தமிழும்



ஆங்கில இலக்கியத்தில் புனைவியல் இயக்கம் தோன்றுவதற்கு முன்னரும் அது செழித்த காலத்திலும் நிகழ்ந்த மாற்றங்களைப் பற்றி மாணவர்க்கு விளங்கும் வகையில் பேசவேண்டும் என்று மன்றத்தார் கேட்டபோது நாம் சற்றே தயங்கினோம். நாம் தமிழ் மொழியியல் பயின்றோம். ஆங்கில இலக்கியம் கற்பித்துப் பழகியவர் அல்லோம். எனினும் இசைந்தோம். அதற்குக் காரணம் நம் கையிலிருக்கும் இந்தப் பழைய குறிப்பேடு. இம்மாநிலத்துத் தோட்டமொன்றில் 1979ஆம் ஆண்டு நாம் செய்த ஒரு பிழை இதனுள் இருக்கிறது. அதே பிழையை ஆங்கிலேயர் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே செய்திருந்தனர் என்பதையும், அவர்களுள் சிலர் அதனைப் பிழையென்று கண்டும் இருந்தனர் என்பதையும் மிகப் பிந்தியே அறிந்தோம். முன்பே அறிந்திருந்தால் ஒரு மூதாட்டியின் பாடல் இன்று முழுமையாக நம்மிடம் இருந்திருக்கும்.

முதலில் வகுப்பறையிலிருந்து தொடங்குவோம். நாம் சிரம்பானில் ஆறாம் படிவம் பயின்றபோது வேர்ட்ஸ்வொர்த் 1805இல் எழுதி 1807இல் நூலாக வெளியிட்ட ஒரு பாடல் நமக்குப் பாடமாக இருந்தது. தனித்துக் கதிரறுக்கும் பெண்ணைப் பற்றியது அது. ஸ்காட்லாந்து மலைநாட்டில் ஒருத்தி வயலில் தன்னந்தனியாகக் கதிரறுத்துக்கொண்டே பாடுகிறாள். வழிப்போக்கராகிய கவிஞர் நின்று கேட்கிறார். அவள் பாடுவது மலைநாட்டாரின் கேலிக் மொழி. கவிஞர்க்கு அது தெரியாது. அவள் எதைப் பாடுகிறாள் என்று எவரும் தமக்குச் சொல்லமாட்டார்களா என வினவுகிறார். பழம்போர்களின் துயரமாக இருக்குமோ, அன்றாட வாழ்வின் துயரமாக இருக்குமோ என்று தாமே ஊகிக்கிறார். விடை கிடைக்கவில்லை. இசையை நெஞ்சில் ஏந்திக்கொண்டு மலையேறிப் போய்விடுகிறார்.

நம் ஆசிரியர் அப்பாடலின் உணர்ச்சியைச் சிறப்பாகவே விளக்கினார். நம் மனமோ வேறிடத்தில் நின்றது. நம் தாயார் பால்மரம் வெட்டியவர். விடியலுக்கு முன் நான்கு மணிக்கு எழுந்து உலை வைத்து, பெரட்டுக்குச் சென்று பெயர் கொடுத்து, இருட்டோடு நிரைக்குள் நுழைபவர். இருட்டில் நிரைக்குள் நிற்கும்போது அவரும் பாடுவார். அடுத்த நிரையில் இருப்பவளுக்குத் தாம் இருக்கும் இடம் தெரியவும், தம் அச்சம் தமக்குத் தெரியாமல் இருக்கவும் பாடியதாகப் பின்னாளில் சொன்னார். அவர் என்ன பாடினார் என்று நமக்குத் தெரியும். ஆகவே, அந்தக் கவிஞர் யாரையேனும் அழைத்துக் கேட்டிருக்கலாமே, கேலிக் அறிந்தவர் ஒருவர்கூடவா அந்த மலைநாட்டில் கிடைக்கவில்லை என்ற எண்ணமே நமக்கு எழுந்தது. பதினெட்டு வயதில் அதனை எழுந்து கேட்கும் துணிவு இல்லை. வேர்ட்ஸ்வொர்த் அப்பெண்ணை நேரில் பார்த்து எழுதவில்லை என்பதும், தாமஸ் வில்கின்சன் என்னும் நண்பரின் பயணக் குறிப்பிலிருந்த ஒரு வாக்கியமே அப்பாடலுக்கு வித்தாயிற்று என்பதும், அதனைக் கவிஞரே ஒப்புக்கொண்டார் என்பதும் பின்னர் நாம் படித்தறிந்தவை.

உழைப்பவரின் பாட்டை இசையாக மட்டும் கேட்பதா, சொல்லாகவும் கேட்பதா? சொல்லாகக் கேட்டால் அதனை அவர் சொன்னபடியே எழுதுவதா, நாம் திருத்தி எழுதுவதா? புனைவியல் இயக்கத்தை நாம் இவ்விரு வினாக்களின் வழியே அணுக விழைகிறோம். பாடநூல்கள் இயற்கை, கற்பனை, தன்னுணர்வு என்று பட்டியலிடுவதை மாணவர் ஏற்கெனவே மனனம் செய்திருப்பர். அதை இங்கு மீண்டும் ஒப்பிப்பதால் பயனில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஆங்கிலக் கவிதையை ஆண்டது புதுச்செவ்வியல் நெறி. டிரைடன் வகுத்த வழியில் வந்த அலெக்சாண்டர் போப் அதன் முடிசூடா மன்னர். ஈரடிகளில் ஒரு கருத்தை முடித்துக் கட்டும் இயைபு யாப்பு அவர் கையில் கத்திமுனைபோல் இருந்தது. நம் குறள்வெண்பாவை அறிந்தவர்க்கு அந்தச் செறிவின் சுவை எளிதில் விளங்கும். அவர்கள் இயைபை அடியின் இறுதியில் வைத்தனர், நாம் எதுகையை அடியின் தொடக்கத்தில் வைத்தோம், அவ்வளவே. 1711இல் போப் வெளியிட்ட திறனாய்வுச் செய்யுள் நூல் இயற்கையையும் முன்னோர் விதிகளையும் பின்பற்றுமாறு கவிஞர்க்கு அறிவுறுத்தியது. அறிவு, அளவு, நயம், நகர்ப்புற நாகரிகம் ஆகியவை அக்காலத்தின் விழுமியங்கள்.

அந்நெறியைப் பழிப்பது இன்று எளிது. போப்பைப்போல் ஒரு வரியை இழைக்க இன்று எத்தனை பேரால் இயலும் என்பது வேறு. ஆனால் அவருக்குப் பின்வந்தோர் கையில் ஒரு தனிக் கவிதைச் சொல்வழக்கு இறுகிப்போயிற்று. மீனை மீன் என்று சொல்வது தாழ்வு. துடுப்புடைய இனம் என்றனர். பறவையைப் பறவை என்னாமல் இறகுடைக் குலம் என்றனர். நம் மேடைத் தமிழில் மழை பெய்யாமல் எப்போதும் மாரி பொழிவதையும், ஒருவர் வராமல் எப்போதும் வருகை புரிவதையும் நினைத்துக்கொள்ளுங்கள். இவ்வுரையிலேயே நாமும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம் என்று மாணவர் சிரிப்பதும் நியாயமே.

நூற்றாண்டின் நடுவில் இந்தக் கோட்டையில் விரிசல் விழத் தொடங்குகிறது. எட்வர்ட் யங், ராபர்ட் பிளேர் முதலியோர் இரவையும் கல்லறையையும் பாடினர். அவர்களைக் கல்லறைப் புலவர் என்று பின்னாளில் அழைத்தனர். அவ்வரிசையில் நிலைத்த புகழ் பெற்றது 1751இல் வெளிவந்த தாமஸ் கிரேயின் இரங்கற்பா. நாட்டுப்புறக் கல்லறைத் தோட்டத்தில் நின்று, இங்குப் புதைந்திருக்கும் ஏழைகளுள் வாய்ப்பிழந்த பெருங்கவிஞனும் இருந்திருக்கலாம் என எண்ணுகிறார் கிரே. இரக்கம் உண்மையானது. ஆயினும் ஊர்மக்கள் அங்கே பேசாமல் புதைந்து கிடக்கின்றனர், பேசுபவர் கிரே. தம் காலத்துப் பேச்சுமொழி ஒருபோதும் கவிதைமொழி ஆகாது என்று நண்பர்க்கு எழுதிய மடலில் உறுதியாகச் சொன்னவரும் அவரே. 1770இல் கோல்ட்ஸ்மித் பாழ்பட்ட ஊரைப் பாடினார். செல்வர் நிலத்தை வளைத்துக்கொள்ள, ஊரார் கடல்கடந்து போகும் கதை அது. தஞ்சையிலிருந்தும் சேலத்திலிருந்தும் கப்பலேறியவர்களின் வழிவந்த நமக்கு இது புதிய கதையன்று. 1783இல் ஜார்ஜ் கிராப் ஒருபடி மேலே போய், நாட்டுப்புறத்தைக் குழலூதும் இடையர் நாடாகக் காட்டும் புலவர்களைச் சாடி, பட்டினியையும் நோயையும் எழுதினார்.

இவர்களெல்லாம் உழைப்பவரைப் பற்றி எழுதியோர். உழைத்தவரே எழுதியதும் உண்டு. இதனைப் பாடத்திட்டங்கள் பெரும்பாலும் தாண்டிச் செல்வதால் நாம் இங்குச் சற்று நிற்போம். வில்ட்சயரில் கூலிக்குக் கதிரடித்த ஸ்டீபன் டக் என்பவரின் பாடல் 1730இல் வெளிவந்தது. களத்துத் தூசியும் வியர்வையும் மேற்பார்வையாளனின் ஏச்சும் அதில் உள்ளன. அரசி கேரலைன் அவரை ஆதரித்து ஊதியமும் வீடும் அளித்தார். அதன்பின் டக் அரசவைக்கு ஏற்ற முறையில் எழுதலானார். களத்துக் குரல் மெல்ல மறைந்தது. 1756இல் அவர் நீரில் மூழ்கித் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

டக் தம் பாடலில் வயலில் வேலை செய்யும் பெண்களைக் கைவேலையினும் வாய்வேலை மிக்கவர் எனக் கேலி செய்திருந்தார். ஹாம்ப்சயரில் துணிவெளுத்துப் பிழைத்த மேரி காலியர் என்னும் பெண் 1739இல் அதற்கு விடையெழுதினார். ஆடவர் மாலையில் வீடு திரும்பினால் அவர்க்கு வேலை முடிந்தது. எமக்கோ வீட்டில் இன்னொரு வேலைநாள் காத்திருக்கிறது, இரவிலும் பிள்ளைகள் உறங்கவிடுவதில்லை என்பது அவர் வாதம். காலியர் அந்நூலுக்குப் பின்னும் துணிதான் வெளுத்தார். அரசி எவரும் அவரை அழைக்கவில்லை. இந்தப் பாடலை நாம் முதன்முறை படித்தபோது, மரம் வெட்டி, மங்கு மங்காகப் பால் எடுத்து, காண்டாவில் இரு வாளியும் தொங்க ஸ்டோருக்கு நடந்து, ஆயாக்கொட்டகையில் பிள்ளையை வாங்கிக்கொண்டு, லயத்துக்கு வந்து மறுபடியும் அடுப்பில் குனிந்த பெண்கள் அனைவரும் நினைவில் வந்தனர். ரப்பர்த் தோட்டமே இல்லாத நாட்டில், ரப்பர் இங்கு வருவதற்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன், ஒருத்தி அதை எழுதி வைத்திருக்கிறாள்.

இனித் திரட்டியவர்களிடம் வருவோம். தாமஸ் பெர்சி என்னும் பாதிரியார், ஷ்ராப்சயரில் நண்பர் வீட்டில் பழைய கையெழுத்துச் சுவடியொன்றை வேலைக்காரப் பெண்கள் கிழித்துக் கிழித்து அடுப்பெரிப்பதைக் கண்டு மீட்டார். அதிலிருந்த கதைப்பாடல்களை முதலாகக் கொண்டு 1765இல் மூன்று தொகுதிகள் வெளியிட்டார். கற்றோர் வியந்தனர், இளங்கவிஞர் பலர்க்கு அந்நூல் ஊற்றாயிற்று, வேர்ட்ஸ்வொர்த்தே தம் தலைமுறை அதற்குக் கடன்பட்டது என்றார். உ.வே.சா. வாழ்க்கை நமக்குத் தெரியும். சுவடி அடுப்புக்குப் போகும் கதை நமக்கு நெஞ்சை அறுப்பது. ஆனால் இருவர்க்கும் ஒரு வேறுபாடு உண்டு. சாமிநாதையர் பாடவேறுபாடுகளைக் குறித்துவைத்தார். பெர்சியோ சிதைந்த இடங்களைத் தாமே இட்டு நிரப்பினார், கரடுமுரடானவற்றை இழைத்தார், அக்காலச் சுவைக்கேற்ப மெருகூட்டினார். ஜோசப் ரிட்சன் என்பார் அவரைக் கடுமையாகத் தாக்கினார். கிடைத்ததைக் கிடைத்தபடி தருவதே தொகுப்பாளன் கடமை என்றார் ரிட்சன். குணத்தில் அவர் பொல்லாதவர்தாம். இந்த ஒன்றில் அவர் பக்கமே நியாயம்.

ராபர்ட் பர்ன்ஸ் கதை தோட்டத்தார்க்கு வேறொரு வகையில் நெருக்கமானது. ஸ்காட்லாந்துக் குத்தகை உழவரின் மகன். 1786இல் வாழ்க்கை எல்லாப் பக்கமும் நெருக்க, ஜமைக்காத் தீவிலுள்ள கரும்புத் தோட்டமொன்றில் கணக்குப்பிள்ளையாகப் போக முடிவு செய்தார். அடிமைகளை வைத்து வேலை வாங்கிய தோட்டம் அது. நம் வழக்கில் சொன்னால் அவர் கிராணி வேலைக்குப் புறப்பட்டார். கப்பலேறுமுன் தம் பாடல்களைக் கில்மார்னக் என்னும் ஊரில் அச்சிட்டார், 612 படிகள். அவை விரைவில் விற்றுத் தீர்ந்தன, எடின்பரோ அவரை அழைத்தது, பயணம் நின்றது. இரண்டு மாதம் பிந்தியிருந்தால் உலகம் ஒரு கவிஞரை இழந்திருக்கும், ஏதோ ஒரு தோட்டம் இன்னொரு கிராணியைப் பெற்றிருக்கும். பின்னாளில் மலாயாவுக்கு வந்த துரைமாருள் ஸ்காட்லாந்தியர் பலர். அவர்கள் ஆண்டுதோறும் சனவரியில் பர்ன்ஸ் பிறந்தநாள் விருந்து கொண்டாடுவர். தம் நாட்டு உழவனின் கொச்சைமொழிப் பாட்டைக் கோப்பையுயர்த்திப் பாடியவர்க்கு, பங்களாவின் குன்றடியில் லயத்தில் ஒலித்த பாட்டு எப்படிக் கேட்டிருக்கும் என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டு.

பர்ன்ஸ் ஸ்காட்ஸ் கிளைமொழியிலேயே எழுதினார். ஏறத்தாழ 200 நாட்டுப்பாடல்களைத் திரட்டியும் திருத்தியும் எழுதியும் ஒரு இசைத் தொகுப்புக்குக் கூலி பெறாமல் கொடுத்தார். அவரும் திருத்தினார்தாம், ஆனால் அம்மொழிக்குள் பிறந்தவராக நின்று திருத்தினார். பாடுபவர் தம் பாட்டை மாற்றுவதற்கும், கேட்டெழுதுபவர் மாற்றுவதற்கும் உள்ள இந்த வேறுபாடு பெரிது.

இப்பின்புலத்தில்தான் 1798 வருகிறது. வேர்ட்ஸ்வொர்த்தும் கோல்ரிட்ஜும் தம் பெயரைக் குறிக்காமல் சிறு தொகுதியொன்றை வெளியிட்டனர். 1800இல் வந்த இரண்டாம் பதிப்பில் வேர்ட்ஸ்வொர்த் ஒரு முன்னுரை சேர்த்தார். ஆங்கிலப் புனைவியலின் கொள்கை விளக்கம் என்று அதனைப் போற்றுவர். கவிதைக்கெனத் தனிச் சொல்வழக்கு வேண்டா, எளிய நாட்டுப்புற வாழ்வே பொருளாகுக, மனிதர் உண்மையில் பேசும் மொழியே கவிதைமொழி ஆகுக என்பது அதன் சாரம். பைத்தியக்காரச் சிறுவனின் தாயும், கைவிடப்பட்ட பெண்ணும், கிழ இரவலனும் கவிதைக்குரியோர் என நிலைநாட்டியது சிறிய செயலன்று. 1789இலேயே லண்டன் புகைபோக்கிகளுக்குள் ஏறிய சிறுவர்களைப் பாட்டில் பேசவைத்துவிட்டார் பிளேக். ஆனால் அவரைப் படித்தவர் அன்று மிகச் சிலர்.

மாணவர் தேர்வில் இந்த முன்னுரையைப் பற்றி எழுதும்போது மக்கள் மொழி என்று எழுதி நிறுத்திவிடுகின்றனர். அதே இடத்தில் வேர்ட்ஸ்வொர்த் ஒரு கட்டுப்பாட்டையும் சேர்க்கிறார். அந்த மொழியைக் குறைகள் நீக்கித் தூய்மை செய்து கையாண்டதாகச் சொல்கிறார். எவை குறைகள்? யார் கண்ணுக்குக் குறைகள்? மொழியியல் படித்தவன் இந்தத் தொடரைக் கடந்துபோக முடியாது. 1817இல் கோல்ரிட்ஜ் தம் இலக்கிய வரலாற்று நூலில் நண்பரின் இந்த இடத்தைத்தான் பிடித்தார். நாட்டுப்புறத்தான் பேச்சிலிருந்து வட்டார வழக்கையும் இலக்கண வழுவையும் நீக்கிவிட்டால் எஞ்சுவது அறிவுடைய எவரும் பேசும் பொதுமொழிதானே, அதை நாட்டுப்புற மொழி என்பானேன் என்று கேட்டார். வட்டார வழக்கை வாழவைக்க அவர் அப்படிக் கேட்கவில்லை. கவிதைமொழி வேறுதான் என்று காட்டவே கேட்டார். எனினும் கேள்வி சரியானது.

அந்தக் கேள்வியைத் தம் வாழ்வால் அனுபவித்தவர் ஜான் கிளேர். 1793இல் நார்த்தாம்டன்சயரின் ஹெல்ப்ஸ்டன் என்னும் ஊரில் கூலி உழவரின் மகனாகப் பிறந்தார். 1820இல் முதல் நூல் வந்தது. கீட்ஸ் நூல்களை வெளியிட்ட ஜான் டெய்லரே அவர்க்கும் பதிப்பாளர். கிளேர் நிறுத்தற்குறி இடாமல், வட்டாரச் சொற்களோடு எழுதினார். டெய்லர் குறியிட்டார், எழுத்துத் திருத்தினார், சொல் மாற்றினார், செல்வரைச் சாடிய அடிகள் சில பதிப்புகளில் காணாமற் போயின. கல்வியில் இலக்கணம் ஆட்சியில் கொடுங்கோன்மைக்கு நிகர் என்று கிளேர் பதிப்பாளர்க்கு எழுதினார். அதே கிளேர் தம் ஊராரின் பாடல்களையும் பிடில் மெட்டுகளையும் கேட்டெழுதியவர். அவர் தாய் தந்தையர் பாடியவை அவற்றுள் உண்டு. ஊர்ப் பொதுநிலம் வேலியடைக்கப்பட்டதைக் கண்முன் கண்டவர். கடைசி இருபத்துமூன்று ஆண்டுகள் மனநல விடுதியில் கழிந்தன, 1864இல் இறந்தார். அவர் எழுதியபடியே அவர் பாடல்கள் அச்சில் வர இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி ஆயிற்று.

புனைவியலைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு நம் வேண்டுகோள் ஒன்றுண்டு. வேர்ட்ஸ்வொர்த்தின் கதிரறுக்கும் பெண்ணோடு காலியரையும் கிளேரையும் சேர்த்துக் கற்பியுங்கள். கேட்கப்பட்டவளும் எழுதியவளும் ஒரே வகுப்பில் இருக்கட்டும்.

தமிழில் இது புதிய வழக்கன்று. தொல்காப்பியர் செய்யுளியலில் வனப்பு எட்டனுள் புலன் என்பதைச் சேர்த்தார். சேரிமொழியால் செவ்விதாக அமைந்து, ஆராய்ந்து பார்க்க வேண்டாது பொருள் தோன்றுவது அது. தூய்மை செய்க என்ற நிபந்தனையை அவர் அங்கு வைக்கவில்லை. இளங்கோவடிகள் உலக்கைப் பாட்டையும் ஆய்ச்சியர் குரவையையும் காப்பியத்துள் வைத்தார். பாரதியாரோ ஷெல்லிதாசன் என்ற புனைபெயரில் எழுதியவர். ஆங்கிலப் புனைவியலை நேரே பருகியவர். பாஞ்சாலி சபதத்தின் முன்னுரையில் எளிய பதங்களும் பொதுமக்கள் விரும்பும் மெட்டும் வேண்டும் என்றார். குயில் பாட்டில் ஏற்றம் இறைப்போர், நெல்லிடிப்போர் பாட்டுகளில் தம் நெஞ்சைப் பறிகொடுத்ததாகச் சொன்னார். ஃபிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காகவும் அழுதார். ஆனால் அவரும் கேட்டது இசையையும் அழுகையையும்தான். அப்பெண்களின் சொற்கள் அவர்க்கு எட்டும் தொலைவில் இல்லை. நமக்கு அந்தச் சாக்கு இல்லை.

இப்போது நம் தோட்டங்களுக்கு வருவோம். ரந்தாவ், லிங்கி, சிலியாவ், பகாவ் எனத் தோட்டங்கள் பரந்திருந்த மாநிலம் நம்முடையது. வயல் நாற்று நடவில் ஒருத்தி எடுத்துக்கொடுக்கப் பலர் பின்பாடுவர். ரப்பர் வேலை அப்படியன்று. ஒருவர்க்கு ஒரு நிரை. அடுத்தவர் குரல் எட்டும் தொலைவே தவிர முகம் தெரியாது. ஆகவே தமிழகத்திலிருந்து வந்த கூட்டுப்பாட்டு இங்குத் தனிப்பாட்டாக ஒடுங்கிற்று என்பது நம் கணிப்பு. புல்வெட்டும் வெளிக்காட்டுக் கூட்டத்திலும் திருவிழாக் கும்மியிலும் பின்பாட்டு ஓரளவு தங்கியது. நிரைக்குள் தாலாட்டும் ஒப்பாரியும் தெம்மாங்கும் தனித்துத் திரிந்தன. கங்காணி காட்டிய ஆசை, கடல்வழி, சயாம் மரண ரயில்பாதைக்குப் போய்த் திரும்பாத கணவன் ஆகியன அவற்றின் பொருள்கள். வேர்ட்ஸ்வொர்த் ஊகித்த பழம்போரும் அன்றாடத் துயரமும் இங்கு ஒரே பாட்டில் கிடைத்தன.

மொழியும் மாறிற்று. மலாய் மங்கோக் நம் மங்கு ஆயிற்று. கண்டார் காண்டா ஆயிற்று. ஆங்கில லைன் லயமாயிற்று. லயம் என்ற சொல்லில் தாளமும் சேர்ந்துகொண்டது தற்செயலே, ஆனாலும் அழகு. இவை கொச்சை என்று பள்ளியில் நம்மைத் திருத்தினர். 1923இன் தொழிலாளர் சட்டம் தோட்டப் பள்ளிகளைக் கட்டாயமாக்கியபின் தோட்டத்துக்குள் எழுத்து வந்தது; எழுத்தோடு திருத்தமும் வந்தது. எழுத்தறிவால்தான் நாம் இம்மேடையில் நிற்கிறோம் என்பதையும் மறந்துவிடவில்லை.

1979இல் நாம் ஆய்வு மாணவராக இருந்தோம். ரந்தாவுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே ஒரு தோட்டத்தில், வேலையிலிருந்து ஓய்ந்த ஒரு மூதாட்டியிடம் தாலாட்டு ஒன்றைக் கேட்டுப் பதிவு செய்தோம். திண்ணையில் அமர்ந்து, மடியில் பிள்ளை இல்லாமலே கையை ஆட்டிக்கொண்டு பாடினார். நடுவில் ஒரு சொல்லை நாம் விளங்காமல் நிறுத்திக் கேட்டபோது, “படிச்ச பிள்ளைக்கு இது தெரியாதா?” என்று சிரித்தார். அன்றிரவே பாட்டை எழுத்தில் வடித்தோம். மங்கு என்று அவர் பாடிய இடத்தில் கிண்ணம் என்று எழுதினோம். பெரட்டு என்றதைப் புலர்காலை என்றாக்கினோம். ஓரடி யாப்பில் நொண்டியது போலிருந்தது. ஓர் அசை சேர்த்தோம். மேற்பார்வையாளர் படிப்பார், அச்சில் வரும், அம்மூதாட்டிக்கும் தமிழுக்கும் இழுக்கு வரலாகாது என்று மெய்யாகவே நம்பினோம். பெர்சியும் டெய்லரும் இப்படித்தான் நம்பியிருப்பர்.

ஒலிநாடா அன்று மாணவர்க்கு விலையுயர்ந்த பொருள். எழுத்தில் வந்துவிட்டதே என்று அதே நாடாவில் அடுத்த தோட்டத்து முதியவரின் பேச்சைப் பதிந்தோம். தாலாட்டு அழிந்தது. நான்கைந்து ஆண்டு கழித்துச் சென்றபோது அவர் இறந்துவிட்டிருந்தார். மகள் குடும்பம் சிரம்பான் பக்கம் குடிபெயர்ந்துவிட்டது. பின்னர் மரங்களும் போய்ச் செம்பனை வந்தது. நொண்டியதாக நாம் நினைத்த அந்த அடி, தொட்டில் கயிறு திரும்பிவரும் இடைவெளிக்காக விடப்பட்ட மௌனம் என்பது பல ஆண்டுகளுக்குப் பின், நம் பேத்திக்குத் தொட்டில் ஆட்டியபோது புரிந்தது. நாம் சேர்த்த அசை அங்கு நுழைய இடமே இல்லை.

பேராசிரியர் இரா. தண்டாயுதம் மலேசிய நாட்டுப்புறப் பாடல்களைத் திரட்டினார். முரசு நெடுமாறன் 1997இல் வெளியிட்ட மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம் நம் கவிதை மரபைக் காத்துத் தந்திருக்கிறது. இன்னும் தோட்டம் நினைவிலிருக்கும் பாட்டிமார் நீலாய், லாபு, மந்தின் வீடமைப்புப் பகுதிகளில், தாமானின் மூன்றாம் மாடியில், தொலைக்காட்சி முன் அமர்ந்திருக்கின்றனர். மாணவரே, உங்கள் கைப்பேசியில் நாடா தீர்ந்துபோகாது. அவரிடம் சென்று கேளுங்கள். அவர் சொல்லும் சொல்லை அப்படியே எழுதுங்கள். விளங்காத சொல்லை விளங்காததாகவே எழுதி, பக்கத்தில் அவர் தரும் விளக்கத்தைக் குறியுங்கள். எங்கு நிறுத்தினார், எங்கு மூச்சு வாங்கினார் என்பதையும் குறியுங்கள். திருத்தம் தோன்றினால் தனித்தாளில் எழுதி வையுங்கள். ஆசிரியர்கள் இந்த ஒப்படைப்பில் சிவப்பு மையை எடுக்காதிருப்பார்களாக. கட்டுரைக்கு வேண்டுமானால் எடுத்துக்கொள்ளட்டும்.

இக்குறிப்பேட்டில் இருப்பது நாம் திருத்தியெழுதிய செம்படி. அதனுள் மடித்திருந்த முதற்படியின் ஒரே ஒரு தாளைச் சென்ற ஆண்டு கண்டெடுத்தோம். பாட்டின் கடைசி ஐந்தடிகள் மட்டும் அதில் உள்ளன. கோடிட்டு அடித்திருக்கிறோம், நன்றாகவே அடித்திருக்கிறோம். விளக்கொளியில் பின்பக்கமிருந்து பிடித்துப் பார்த்தால் அடித்த கோட்டுக்குக் கீழே இரண்டு சொற்களைப் படிக்க முடிகிறது. ஒன்று மங்கு. மற்றொன்று நாம் அன்று நிறுத்திக் கேட்ட அந்தச் சொல். எழுத்துகள் தெளிவாக உள்ளன, பொருள் மறந்துவிட்டது. உரை முடிந்தபின் தாளை முன்வரிசை மேசையில் வைக்கிறோம். தோட்டத்தில் வளர்ந்தவர்கள், அல்லது தோட்டத்தில் வளர்ந்த தாயோ பாட்டியோ வீட்டில் இருப்பவர்கள், அருள்கூர்ந்து வந்து படித்துப் பார்க்க வேண்டும்.